சுமித்ராவுக்கு ஒரு நியாயம், பாக்யாவுக்கு ஒரு நியாயம்

தமிழ்நாடு–கேரள எல்லையில் இருக்கும் புளியரை சோதனைச் சாவடியில் எதையும் சும்மா விடமாட்டார்கள். ஆலப்புழைப் பக்கம் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்துவிட்டால் கோழி வண்டிகளை மறித்து மருந்து தெளிப்பார்கள். குப்பையை ஏற்றிக்கொண்டு வருகிறதா என்று லாரியின் தார்ப்பாயைத் தூக்கிப் பார்ப்பார்கள். ஆனால் ஒரு முழுக் குடும்பத்தை, மாமியார், மூன்று மகன்கள், மூன்று மருமகள்கள், ஊரறியாத ஒரு குழந்தை சகிதம் மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வேறு பெயர் வைத்துக் குடியமர்த்தியிருக்கிறார்கள். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

'சிறகடிக்க ஆசை' குடும்பத்தைத்தான் சொல்கிறேன். விஜய் டிவியில் 2023 ஜனவரியில் தொடங்கியது. சரியாக ஒரு வருஷம் கழித்து, 2024 ஜனவரியில், ஏசியாநெட்டில் அதுவே 'செம்பனீர் பூவு' ஆனது. முத்து அங்கே சச்சி, மீனா அங்கே ரேவதி, மாமியார் விஜயா அங்கே சந்திரா. இங்கே கார் ஓட்டுகிறவன் அங்கேயும் கார்தான் ஓட்டுகிறான். பூக்காரி அங்கேயும் பூக்காரிதான். போதாக்குறைக்கு, இங்கே மீனாவாக நடிக்கும் கோமதி பிரியாவே ஆரம்பத்தில் அங்கே ரேவதியாகவும் நடித்தார். ஒரே முகம் இரண்டு வீட்டில் இரண்டு மாமியாரிடம் திட்டு வாங்கியது. சம்பளம் இரண்டு கிடைத்திருக்கும் என்பதுதான் ஆறுதல்.

எங்கள் வீட்டில் அத்தை, அதாவது என் கணவரின் அம்மா, தமிழ்க் கட்சி. சுவருக்கு அந்தப் பக்கம், புனலூரிலிருந்து இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த சேச்சி மலையாளக் கட்சி. இரண்டு டிவிக்கும் பொதுச் சுவர் ஒன்று. அதன் ஓரத்தில் அடுக்களை. அடுக்களையில் நான். ஆகவே இரண்டு மொழியிலும் அழுகைச் சத்தத்தை வைத்தே எந்தக் கட்டம் என்று சொல்லிவிடுவேன்.

ஒரு வருஷ இடைவெளியால் என்ன ஆகும் என்று சீரியல் எடுத்தவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். அத்தை ஜோசியக்காரி ஆகிவிட்டார். சேச்சி வீட்டில் இன்று நடப்பது அத்தைக்குப் போன வருஷமே நடந்து முடிந்த சங்கதி. துணி காயப்போட மாடிக்குப் போகும்போதே சேச்சி பிடித்துக்கொள்வார்.

"அம்மே, சச்சி ரேவதியை மன்னிப்பானோ?"

அத்தை உடனே பதில் சொல்லமாட்டார். ஈரப் புடவையை உதறுவார். கொடியில் போடுவார். சுருக்கம் நீக்குவார். கிளிப் மாட்டுவார். பிறகுதான், "மன்னிப்பான் மோளே, ஆனால் கொஞ்சம் பொறுக்கவேண்டும்" என்பார். கொஞ்சம் என்றால் எத்தனை எபிசோடு என்பது அத்தைக்குத் தெரியும். சொல்லமாட்டார். முழுவதையும் சொல்லிவிட்டால் நாளைக்கு யார் வந்து கேட்பார்கள்?

இந்த ஜோசியத் தொழிலில் ஒரே ஒரு தடவை வம்பு வந்தது. காரணம் ஸ்ருதி.

தமிழில் ஸ்ருதி என்பவள் மூன்றாவது மகன் ரவியின் மனைவி. வசதியான வீட்டுப் பெண், மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடும் ரகம். அத்தைக்கு அவள்மேல் ஒரு தனி வாஞ்சை. முதல் கல்யாணத்தையும் பெற்ற பிள்ளையையும் மறைத்து, மலேசியாவில் பணக்கார அப்பா இருக்கிறார் என்று கதைவிட்டு, மூத்தவன் மனோஜைக் கட்டிக்கொண்டவள் ரோகிணி. மலையாளத்தில் பெயர் சூட்டியவர் என்ன நினைத்தாரோ, அந்த மூத்தவனின் மனைவிக்கு ஸ்ருதி என்று வைத்துவிட்டார். அங்கே கடைசி மருமகள் பெயர் வர்ஷா.

இது இருவருக்கும் தெரியாது. ஒருநாள் சேச்சி சுவருக்கு மேலே தலையை நீட்டி, "அந்த ஸ்ருதி பெருங்கள்ளி, அம்மே!" என்றார்.

அத்தையின் முகம் மாறிவிட்டது. "யாரைச் சொல்கிறாய்? ஸ்ருதியையா? அந்த வீட்டிலேயே உண்மை பேசுகிற ஒரே பிள்ளை அதுதான்."

"உண்மையோ! பிள்ளை உண்டு, அதை மறைச்சு வச்சிருக்கு."

"வாயைக் கழுவு. ஸ்ருதிக்குப் பிள்ளையா? கல்யாணமானது முந்தாநாள்தானே!"

சொந்த மகளை ஊர் அவதூறு பேசிய மாதிரி அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கு சேச்சி வீட்டிலிருந்து வந்த புட்டையும் கடலைக் கறியையும் தொடவில்லை. (நான் தொட்டேன். சேச்சி கை புட்டுக்கு இந்தத் தாலுகாவில் ஈடு கிடையாது.) மறுநாளும் பேச்சில்லை. மூன்றாம் நாள் நான் ஒரு நோட்டுத்தாளில் இரண்டு பத்தியாகக் கோடு போட்டு, இவர் அங்கே இவர் என்று எழுதி, ஒரு பிரதியைச் சுவருக்கு அந்தப் பக்கம் கொடுத்தேன். அத்தை கண்ணாடி போட்டுக்கொண்டு விரல் வைத்துப் படித்தார். "அப்படியா சேதி! அப்படியானால் அங்கே ரோகிணியைத்தான் ஸ்ருதி என்கிறார்களா? அவள் கள்ளிதான். சேச்சி சொன்னது குறைவு." இரு நாட்டு உறவு சீரானது. அந்தத் தாள் இன்னும் எங்கள் அரிசி டப்பா மூடியில் ஒட்டியிருக்கிறது.

மாமா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பேப்பர் படிப்பார். கதை முழுவதும் அத்துப்படி. ரோகிணியின் வேஷம் கலையாமல் மாதக்கணக்கில் இழுத்தபோது ஒருநாள் பேப்பரை மடக்கினார். "செங்கோட்டை–புனலூர் மீட்டர் கேஜ் பாதையை 2010-இல் மூடினார்கள். மலை, குகை, பாலம் எல்லாம் சேர்த்து 49 கிலோமீட்டர். 2018-இல் அகலப் பாதையில் ரயில் விட்டார்கள். நாங்கள் மெதுவாக வேலை பார்த்தோம் என்று ஊரெல்லாம் ஏசினீர்களே, இவள் பொய்யைக் கண்டுபிடிக்க அந்த வீட்டில் ஏழு பேருக்கு எத்தனை வருஷம் வேண்டுமாம்?" அத்தை ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினார். அதுதான் பதில்.

சேச்சியும் லேசுப்பட்டவர் இல்லை. அத்தை ஜோசியக்காரி ஆவதற்கு முன்னால் அந்தப் பீடத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர்தான். 'பாக்கியலட்சுமி' இங்கே தொடங்கியது 2020 ஜூலையில். அதற்கு ஆறு மாதம் முன்பே, ஜனவரியில், 'குடும்பவிளக்கு' என்று மலையாளத்தில் வந்துவிட்டது. கோபி பழைய காதலி ராதிகாவுடன் சுற்றிக்கொண்டு, வீட்டில் பாக்யா போட்ட காபியைக் குறை சொல்லிக்கொண்டிருந்த காலத்திலேயே சேச்சி வேப்பிலை அடிக்காத குறையாகச் சொன்னார்: "அம்மே, அவன் போகும். டிவோர்ஸ் ஆகும். அவளைக் கல்யாணம் கழிக்கும்."

அத்தை நம்பவில்லை. "எங்கள் கோபி அசடன். அந்த அளவுக்குத் துணிய மாட்டான்" என்றார். அவன் துணிந்தான். விவாகரத்து நடந்த வாரம் சேச்சியோடு அத்தை சரியாகப் பேசவில்லை. பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொடுத்ததே சேச்சிதான் என்கிற மாதிரி பார்த்தார்.

அங்கேதான் அத்தையின் நியாயத் தராசை நான் கவனித்தேன். கோபி செய்ததும் அங்கே சித்தார்த் செய்ததும் ஒரே காரியம். மனைவி இருக்க இன்னொருத்தி, அவ்வளவுதான். ஆனால் கோபி மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் திருதிருவென்று விழிப்பான், நெஞ்சைப் பிடித்துக்கொள்வான். அத்தை விழுந்து விழுந்து சிரிப்பார். "பாவம், இரண்டு பக்கமும் அடி வாங்குகிறான்." சேச்சி வீட்டு வாசலில் நின்று சித்தார்த்தை இரண்டு நிமிஷம் பார்த்தாலோ, "இவன் கரிமுடிவான்! இவனை உள்ளே தூக்கிப்போட போலீஸ் இல்லையா அந்த ஊரில்?" என்பார்.

கோபிக்கு மட்டும் ஏன் பரிவு என்று கேட்டேன்.

"கோபி நம்ம பையன். கூப்பிட்டு இரண்டு சாத்துச் சாத்தினால் திருந்திவிடுவான். இந்த சித்தார்த் சிரிக்கவே மாட்டேன் என்கிறானே!"

இதையாவது பாசம் என்று விட்டுவிடலாம். மறுமணம் வந்தபோதுதான் தராசு முழுதாகச் சாய்ந்தது. மலையாளத்தில் சுமித்ரா, அதாவது அங்கே பாக்யாவின் இடத்தில் இருப்பவள், ரோஹித்தைக் கல்யாணம் செய்துகொண்டாள். சேச்சி வந்து சொன்னதும் அத்தை கைகூப்பினார். "நல்லதாகப் போயிற்று. பெற்றதுகளுக்கு உழைத்து உழைத்துத் தேய்ந்த பிள்ளை. அதற்கும் ஒரு துணை வேண்டாமா? முருகன் கண் திறந்துவிட்டான்." சீரியல் பெண்ணுக்காக இலஞ்சி கோயிலில் அர்ச்சனை செய்யச் சொல்லி என்னிடம் காசும் தந்தார். சுமித்ராவின் நட்சத்திரம் தெரியாததால் சுவாமி பெயருக்கே செய்துவிட்டு வந்தேன்.

சேச்சி உற்சாகமாகி அடுத்த ஆரூடத்தைச் சொன்னார்: "நோக்கிக்கோ அம்மே, பாக்யாவும் கல்யாணம் கழிக்கும்." தமிழிலும் பழனிச்சாமி என்று ஒரு நல்ல மனிதர் பாக்யாவைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்த நேரம் அது.

அத்தை உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டார். "எங்கள் பாக்யாவா? வளர்ந்த பிள்ளைகளை வைத்துக்கொண்டா? மாமியார் பேரிலேயே ஈஸ்வரி மசாலா என்று தொழில் தொடங்கிச் சம்பாதிக்கிறாள். அவளுக்கு எதற்கு இன்னொரு இழவு? ஒருத்தனுக்கு ஆக்கிப்போட்டது போதாதா?"

மாமா பேப்பருக்குள்ளிருந்தே கேட்டார்: "கோட்டைவாசல் எல்லைக்கு மேற்கே நல்லது, கிழக்கே இழவா?"

இதில் ஒரு விசேஷம் இருக்கிறது. செங்கோட்டை தாலுகா 1956 நவம்பர் 1 அன்றுதான் திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அத்தை பிறந்தது அதற்கு முன்பு, இதே புளியரையில். அதாவது தவழும் வயதில் தொட்டில்கூட மாறாமல் மாநிலம் மாறியவர். ஆரியங்காவு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. அத்தையின் சொந்தத்தில் பாதியும் அங்கேயே நின்றுவிட்டது. ஆகவே அந்த ஊர்ப் பெண்களுக்கு என்ன ஆனாலும் பொறுத்துக்கொள்ளும் மனசு ஒன்றும், இந்த ஊர்ப் பெண்களைக் கண்காணிக்கும் கண் ஒன்றும் அவரிடம் தனித்தனியாக இருக்கின்றன. நான் கடையநல்லூர்க்காரி. எந்தப் பட்டியலில் வருவேன் என்று சொல்லத் தேவையில்லை. டிவி ஓடும்வரை அத்தை எல்லா மருமகள்களின் பக்கமும் நிற்பார். விளம்பரம் வந்ததும் "சாம்பாரில் காயம் போட்டாயா?" என்பார்.

பாக்யா மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சேச்சியின் ஆரூடம் பொய்த்தது. அத்தை வெற்றியைக் கொண்டாட அன்று பால் பாயசம் வைத்தார். வைத்தது நான், கொண்டாடியது அவர்.

பிறகு போன ஆனி மாதச் சாரல். கணவாய் வழியாகக் காற்று விசிலடித்துக்கொண்டு வரும் நாட்களில் இங்கே டிஷ் ஆன்டெனா எதையும் காட்டாது. செம்பனீர் பூவில் மாமியார் சந்திரா ரேவதியை ஏதோ பழி சொல்லி நிற்கவைத்த முக்கியமான கட்டம். சேச்சி வீட்டுத் திரையில் 'சிக்னல் இல்லை'. குடையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்துவிட்டார். அத்தை கட்டிலில் சாய்ந்தபடி, போன வருஷம் பார்த்த கதையை எடுத்துவிட்டார். சச்சியை முத்து என்றும் முத்துவைச் சச்சி என்றும் மாற்றி மாற்றிச் சொன்னாலும் சேச்சிக்கு எல்லாம் புரிந்தது. கதை போகப் போக அத்தையின் குரல் ஏறியது. எழுந்து உட்கார்ந்தார். ரேவதி பேசவேண்டிய வசனத்தை அவரே பேசினார். கடைசியில், "அப்புறம் என்ன? விட்டாள் பார் ஒரு அறை, மாமியாருக்கு! பளார்!" என்று தன் தொடையிலேயே ஓங்கி அடித்தார். சேச்சி வாயில் கைவைத்துக்கொண்டார்.

நான் கரண்டியோடு வந்து எட்டிப்பார்த்தேன். அப்படி ஒரு அறை தமிழில் விழவே இல்லை. மீனா அன்றைக்குக் கண்ணீரோடு அடுக்களைக்குள் போனாள். நானும் கூட உட்கார்ந்து பார்த்தேன்.

மறுநாள் மழை விட்டதும் சேச்சி தன் மகளின் போனில் அந்தப் பகுதியைப் பார்த்துவிட்டு நேராக வந்தார். "அடி எவிடே, அம்மே? ரேவதி கரைஞ்சிட்டு அடுக்களைக்குப் போயி!"

அத்தை அசரவில்லை. "மலையாளத்தில் வெட்டிவிட்டார்கள் போலிருக்கிறது. உங்கள் ஊரில் மாமியாருக்கு மரியாதை ஜாஸ்தி."

அத்துடன் போயிருக்கும். ஆனால் சேச்சியின் மகள் கெட்டிக்காரி. அதே போனில் தமிழ் சீரியலும் பழையது முதல் புதியதுவரை கிடைக்கிறது என்று அம்மாவுக்குக் காட்டிக்கொடுத்துவிட்டாள். சேச்சி ராத்திரி விழித்திருந்து தமிழையும் பார்த்து முடித்தார். இப்போது மாடியில் கேள்வி கேட்பதில்லை. அத்தை துணியை உதறிக்கொண்டு நின்றால், "அம்மே, அறிஞ்சோ?" என்று அவர் சொல்ல ஆரம்பிக்கிறார். அத்தைக்கு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

மனசு கேட்காமல் நான் ஒரு விஷயத்தைச் சொன்னேன். பாக்கியலட்சுமி, குடும்பவிளக்கு இரண்டுக்குமே மூலம் வங்காளத்தில் 2019-இல் வந்த 'ஸ்ரீமோயீ' என்ற தொடர். அங்கிருந்துதான் தெலுங்கு, ஹிந்தி என்று எல்லாப் பக்கமும் போனது என்றேன்.

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்படியானால் சேச்சி அன்றைக்குச் சொன்னதே பழைய சரக்கா?" என்றார். பிறகு மாமா பக்கம் திரும்பினார்.

"ஏங்க, உங்களோடு வேலை பார்த்தவர் ஒருத்தர் கரக்பூர் பக்கம் மாற்றலாகிப் போனாரே, அவர் நம்பர் இருக்கிறதா?"

"இருக்கிறது. அவரும் ரிட்டையர் ஆகிவிட்டார்."

"அதுதானே வேண்டும். வீட்டில் சும்மாதானே இருப்பார், ராத்திரி சீரியல் பார்ப்பாரா என்று கேளுங்கள்."