லுஸிக்க: ஒரு கரண்டியின் வேற்றுமைகள்

கரண்டியை ரஷ்யர்கள் இன்று 'லோஷ்க' என்கிறார்கள். பின்லாந்து வளைகுடாவின் தென்கரையிலுள்ள சொய்க்கொலா தீபகற்பத்திலும் லூகா ஆற்றின் கீழ்ப்பகுதியிலும் இஜோரர்கள் பேசிவரும் இங்கிரியன் மொழியில் அது 'லுஸிக்க'. பெரிய மொழியின் சொல்லைச் சிறிய மொழி திரித்துக்கொண்டது என்றே நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் தவறு.

ரஷ்ய மொழியின் மூதாதையான பழைய கிழக்கு ஸ்லாவிய மொழியில் இச்சொல் ஏறத்தாழ 'லுஜிக' என்று ஒலித்தது. அதிலிருந்த உகரமும் இகரமும் மிகக் குறுகிய உயிர்கள். அவை பின்னாளில் நிலைகுலைந்தபோது உகரம் ஒகரமாக மாறியது, இகரம் அடியோடு மறைந்தது, ககரத்தை அடுத்து நின்ற ஜகர ஒலியும் 'ஷ்' ஆயிற்று. இந்த மாற்றங்களுக்கு முன்பே சொல்லைக் கடன் வாங்கிவிட்ட, இங்கிரியனை உள்ளடக்கிய ஃபின்னிக் மொழிக் குடும்பத்து மொழிகள் அவ்விரு உயிர்களையும் முழு ஒலிகளாகக் காத்துவந்திருக்கின்றன. ஃபின்னிஷ் மொழியின் 'லுசிக்க', எஸ்தோனிய மொழியின் 'லுசிகஸ்' ஆகியவையும் இதன் உடன்பிறப்புகளே. கொடுத்தவரிடம் அழிந்துபோன ஒலி வாங்கியவரிடம் வாழ்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

வந்த சொல் விருந்தாளியாக ஒதுங்கி நிற்கவில்லை. இங்கிரியனில் வேற்றுமை உருபு ஏறும்போது அடிச்சொல்லின் வல்லொற்றும் மாறும்; இக்கடன் சொல்லும் அவ்விதிக்கு முழுமையாகக் கட்டுப்படுகிறது. எழுவாயில் 'லுஸிக்க' என்றிருப்பது 'கரண்டியின்' என்னும் பொருளில் இரட்டை ககரத்தை இழந்து 'லுஸிகன்' ஆகிறது. 'கரண்டியில்' என்பதற்கு 'லுஸிகாஸ்', 'கரண்டியிலிருந்து' என்பதற்கு 'லுஸிகஸ்த்', பன்மைக்கு 'லுஸிகத்'. ஆனால் ஒரு பொருளின் பகுதியையோ முடிவுறாத செயலின் செயப்படுபொருளையோ குறிக்கும் வேற்றுமையில் இரட்டை ககரம் நிலைத்து, ஈற்றுயிர் மட்டும் நீண்டு 'லுஸிக்கா' என வரும். நாடு என்பது 'நாட்டின்' என இரட்டிக்கும் தமிழில் பழகியவர்களுக்கு இது எதிர்த்திசையில் ஓடும் நீரோட்டம்போலத் தோன்றும்.

இவ்வடிவங்கள் பள்ளி ஏட்டில் இடம்பெற்ற காலம் மிகக் குறுகியது. 1932 முதல் 1937 வரை இங்கிரியனுக்கு லத்தீன் எழுத்தில் பள்ளிப் பாடநூல்கள் இருந்தன. வைனோ யூனுஸ் எழுதிய இலக்கணம் 1936இல் வெளிவந்தது. 2010ஆம் ஆண்டு ரஷ்யக் கணக்கெடுப்பில் இம்மொழி தெரிந்தவர்களாகப் பதிவானவர்கள் 123 பேர். அவர்களுடைய மொழியில் 'கரண்டியால்' என்பதற்கு 'லுஸிகால்' என்று வரும்.