ஓடுகிற புரோகிராமின் ஸ்டாக்: நடுவில் ஒருவர் காணவில்லை

தமிழ்க் கோப்புகளில் சொற்களை எண்ணும் ஒரு சி புரோகிராமைப் பொழுதுபோக்காக எழுதி வருகிறேன். இரண்டு த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு இழைகள். பெரிய கோப்பு கொடுத்தால் எங்கேயோ சுற்றிக்கொண்டே நிற்கும். எங்கே என்று பார்க்க, ஓடும்போதே பேக்ட்ரேஸ் எடுக்க இறங்கினேன்: எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டு இங்கே வந்தது என்ற பட்டியல். அந்த வரிசை பதிந்திருக்கும் நினைவகப் பகுதிதான் ஸ்டாக்.

முதலில் சிக்னல் ஹேண்ட்லருக்குள் (சிக்னல் வந்ததும் நடப்பதை இடைமறித்து ஓடும் ஃபங்ஷன்) ஜிலிப்சி என்ற சி லைப்ரரியின் பேக்ட்ரேஸ், முகவரிகளைப் பெயராக்கும் பேக்ட்ரேஸ்_சிம்பல்ஸ் இரண்டையும் போட்டேன். சில தடவை ஒழுங்காக வந்தது. அப்புறம் ஒரேயடியாக உறைந்துவிட்டது. ஜிடிபி என்ற டீபக்கரை ஒட்டிப் பார்த்தால் அடியில் மாலாக் (நினைவக இடம் ஒதுக்கும் ஃபங்ஷன், வேலை நடக்கும்போது ஒரு பூட்டுப் போட்டுக்கொள்ளும்), அதன்மேல் என் ஹேண்ட்லர், அதற்கும் மேல் மறுபடி மாலாக். பூட்டிய சாவியைக் கையில் வைத்துக்கொண்டே கதவு திறக்கக் காத்திருக்கிறது! சிம்பல்ஸ் ஃபங்ஷன் மாலாக்கில் இடம் கேட்கும். பேக்ட்ரேஸும் முதல் தடவை லிப்ஜிசிசி என்ற இன்னொரு லைப்ரரியை ஏற்றும்போது கேட்கும். மெயினிலேயே அதை ஒருமுறை சும்மா கூப்பிட்டு வைத்து, சிம்பல்ஸுக்குப் பதில் எஃப்டி என்று முடியும், மாலாக் கேட்காமல் நேராகக் கோப்பில் எழுதும் வடிவத்துக்கு மாறினேன். உறைவது நின்றது. ஸ்டாட்டிக் ஃபங்ஷன்களுக்கு (ஒரே கோப்புக்குள் மட்டும் தெரிபவை) மட்டும் பெயர் வராது, வெறும் முகவரிதான்.

நொடிக்கு நூறு தடவை எடுக்க ஆசை வந்தது. அதற்கு ஃபிரேம் பாயிண்டர்தான் மலிவு: ஸ்டாக்கில் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் உள்ள பகுதி ஃபிரேம், இப்போதைய ஃபிரேமைக் காட்டும் ரெஜிஸ்டர் ஆர்பிபி. ஆர்பிபி காட்டும் இடத்தில் கூப்பிட்டவரின் பழைய ஆர்பிபி, 8 பைட் தள்ளித் திரும்பும் முகவரி. அப்படியே சங்கிலியாகத் தொடர்ந்து போகலாம், பத்து வரி கோடு. ஜிசிசி கம்பைலர் ஓ2 என்ற வேகப்படுத்தும் நிலையில் இதைத் தூக்கிவிடும் என்பதால், தூக்காதே என்று சொல்லிக் கம்பைல் செய்தேன்.

ஒவ்வொரு தடவையும் உச்சியில் எஸ்டிஆர்லென் (சரத்தின் நீளத்தை அளக்கும் லைப்ரரி ஃபங்ஷன்), அடுத்து நான் எழுதிய கோப்பு_படி. அந்த ஃபங்ஷனை ஒரு மணி நேரம் குடைந்தேன். அதில் எஸ்டிஆர்லென்னே இல்லை!

சரி என்று மறுபடி ஜிடிபி. (உபுண்டுவில் ஓடுகிற புரோகிராமில் ஒட்ட சூடோ, அதாவது அட்மின் அனுமதி, வேண்டும்.) புரோகிராம் நின்றுவிடும், ஆனால் ஸ்டாக் முழுதாக வந்தது: எஸ்டிஆர்லென், வரி_பிரி, கோப்பு_படி. நடுவில் இருந்தவர் இவர்தான். எஸ்டிஆர்லென் அசெம்பிளியில் எழுதியது, தனக்கென்று ஃபிரேம் போடாது. அதனால் ஆர்பிபி இன்னும் வரி_பிரியுடையது. அங்கிருந்து படித்தால் வருவது வரி_பிரியைக் கூப்பிட்டவரின் முகவரி. ஜிடிபி ஆர்பிபி சங்கிலியை மட்டும் நம்புவதில்லை, கூப்பிட்டவரை எப்படிக் கண்டுபிடிப்பது என்று புரோகிராமிலும் லைப்ரரியிலும் எழுதி வைத்த இஹெச்_ஃபிரேம் அட்டவணையைப் பார்த்து இறங்குகிறது.

வரி_பிரியைத் திறந்தேன். ஃபார் லூப்பின் நிபந்தனையிலேயே எஸ்டிஆர்லென். ஒவ்வொரு எழுத்துக்கும் முழு வரியையும் அளந்துகொண்டிருந்திருக்கிறேன்.