ஒட்டிக்கொண்ட ஊசி

இங்கே தண்டையார்பேட்டையில் ஃபேனுக்கு அடியிலும் வியர்க்கிறது. பெர்லினில் படிக்கும் மகள் வீடியோ காலில் போர்வைக்குள் நடுங்குகிறாள். சுடுதண்ணீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரை, அதிகபட்சமான 5-இல் வைத்தும் சில்லென்று கிடக்கிறதாம். மற்ற அறைகளில் சூடு இருக்கிறது. அப்படியானால் கோளாறு வால்வில்தான். எத்தனை வருஷம் வால்வு ஃபிட்டராக இருந்திருக்கிறேன்!

வால்வின் மேல் உள்ள தெர்மோஸ்டாட் தலையை, அதாவது சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகைக் கழற்றச் சொன்னேன். உள்ளே சின்ன ஊசி. அழுத்தினால் உள்ளே போய், விட்டால் துள்ளி வெளியே வர வேண்டும். கோடை முழுக்க மூடிக் கிடந்தால் உள்ளேயே ஒட்டிக்கொள்ளும், சுடுதண்ணீர் வராது. "குறடால் இழுக்காதேம்மா, ஊசி கையோடு வந்தால் தண்ணீர் பீறிடும்." வால்வின் பக்கவாட்டில் மெல்லத் தட்டினாள், அழுத்தி அழுத்தி விட்டாள். வந்துவிட்டது! அப்புறம் தலையை மாட்டி 3-இல் வைத்தாள், சுமார் 20 டிகிரி.

அவள் போர்வையை விலக்கிய பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.