சிவப்பு ஜோடி, 18ஆம் தேதி, மற்றவை

மார்ச் 3, செவ்வாய்

அந்தப் பெண் படியேறும்போதே தெரிந்துவிட்டது. ஒரு கால் டொக், இன்னொரு கால் டிங். டிங் என்றால் இரும்பு. ஊசி ஹீலின் அடியில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு டிப் இருக்கும். அதில் பதிந்திருக்கும் எஃகு ஆணி ஹீலுக்குள் ஏறி அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். டிப் தேய்ந்தால் ஆணித்தலை தரையில் படும். வழவழப்பான தரை என்றால் சறுக்கும், மரத்தரை என்றால் குழி விழும். இந்த நிலையில் கொண்டுவந்தால் சின்ன வேலை. இன்னும் கொஞ்ச நாள் அப்படியே நடந்திருந்தால் ஹீலின் பிளாஸ்டிக்கே ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கும். அப்புறம் புது டிப் போட்டாலும் சாய்ந்துதான் உட்காரும்.

"இத்தனூண்டு சாமானுக்கா இவ்வளவு சத்தம்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

வலது கண்ணில் காலையிலிருந்து புகை மூட்டம்.

மார்ச் 4, புதன்

கண் ஆபரேஷனுக்கு 18ஆம் தேதி என்று சொல்லிவிட்டார்கள். சரி.

மார்ச் 6, வெள்ளி

ஒரு சிவப்பு ஜோடி வந்திருக்கிறது. வலது ஹீல் நடுவில் முறிந்து, சுற்றியிருக்கும் தோல் மட்டும் விடாமல் பிடித்துத் தொங்கவிட்டிருக்கிறது. கொண்டுவந்தவர் பையிலிருந்து ஒரு பசை ட்யூபையும் எடுத்து மேசையில் வைத்தார். "அண்ணே, நானே ஒட்டிப் பாத்தேன், நிக்கலை. நீங்க நல்ல பசையா போட்டு ஒட்டிக் குடுங்க. 15ஆம் தேதி போட்டுக்கணும்."

ஒட்ட மாட்டேன் என்றேன். முகம் வாடிவிட்டது.

பசையில் ஒன்றும் குறை இல்லை. சும்மா நிற்கும்போது அது தாங்கும். நடக்கும்போதுதான் சிக்கல். ஹீல் நேராக வந்து தரையில் இறங்குவதில்லை, சாய்ந்து இறங்குகிறது. ஒவ்வோர் அடிக்கும் அதை முன்னால் தள்ளுகிறோம், அடுத்த நொடி விடுகிறோம். வெளியே தெரிகிற பிளாஸ்டிக் வெறும் உருவத்துக்குத்தான். உள்ளே நீளவாக்கில் ஓடும் எஃகுக் குழாய்தான் அந்த வளைவைத் தாங்குகிறது. இந்த ஜோடியில் அந்தக் குழாயே மடங்கியிருக்கிறது. விரலை விட்டுப் பார்த்தேன், மடிப்பு நகத்தில் தட்டியது. இதை ஒட்டிக் கொடுத்து, அந்தம்மா மாடிப்படியில் இறங்கும்போது மறுபடி முறிந்தால் போவது கணுக்கால்.

"அப்ப புது ஹீல்தானா? ஒண்ணுதானே உடைஞ்சது, ரெண்டையும் ஏன் மாத்தணும்?"

ஏனென்றால் உடையாத காலும் இத்தனை நாள் நடந்த கால். புது ஹீலின் அச்சு வேறாக இருக்கும், உயரம் இம்மியளவு வித்தியாசப்படும். அந்த இம்மியை இடுப்பு சாயங்காலத்துக்குள் கண்டுபிடித்துவிடும். யோசித்துச் சொல்கிறேன் என்று போனவர் வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். "சரி, மாத்திடுங்கண்ணே."

மார்ச் 7, சனி

தங்கை மகள் விடுமுறைக்கு வந்திருக்கிறாள். "மாமா, நான் ஒண்ணு கழட்டிப் பாக்கட்டுமா?"

கொடுத்தேன். குறட்டால் டிப்பை இரண்டு பக்கமும் கவ்வி, முதலில் இடம் வலமாகத் திருகச் சொன்னேன். திருகாமல் இழுத்தால் பிளாஸ்டிக் மட்டும் கையோடு வரும், ஆணி உள்ளேயே நின்றுவிடும். அவளுக்கு அப்படித்தான் ஆனது. மழுங்கிய ஆணி ஒரு மில்லிமீட்டர்தான் வெளியே தெரிந்தது. பூட்டுக் குறட்டை இறுக்கி, குறட்டின் கழுத்தில் சுத்தியலால் மெதுவாகத் தட்டித் தட்டி இழுத்தோம். வெளியே வந்தபோது துருப்பொடி அவள் மடியில் கொட்டியது. சிரித்தாள்.

துளை தளர்ந்திருந்தது. புது ஆணியை விரலாலேயே முழுதும் நுழைக்க முடிந்தால் அது ஒரு மாதம் நிற்காது. ஆணியின் நடுப்பகுதியை இரும்பின் மேல் வைத்து லேசாகத் தட்டி ஓரிரு இடத்தில் சப்பையாக்கிக் கொடுத்தேன். இப்போது சுத்தியல் கேட்டது. அதுதான் சரி. அடிக்கும்போது டிப்பின் நேர்வெட்டுப் பக்கம் முன்னால், வளைவு பின்னால். பிதுங்கிய ஓரத்தைக் கத்தியால் சீவி, அரத்தால் தேய்த்தாள். ஹீலைச் சுற்றிய தோலில் அரம் படாமல் பார்த்துக்கொள்வதுதான் கஷ்டமே. அவளுக்குக் கண் நல்ல கண்.

மார்ச் 8, ஞாயிறு

சிவப்புக்கு ஹீல் எங்கே கிடைக்கும்?

மார்ச் 9, திங்கள்

எரிச்சல். யார் வந்தாலும் எரிச்சல்.

ஒருவர் பெட்டியோடு வந்தார். "போட்டதே இல்லைங்க, பீரோவிலேயே இருந்துச்சு." டிப்பைத் தொட்டதும் பிஸ்கெட் மாதிரி உதிர்ந்தது. பாலியூரித்தேன் அப்படித்தான். காற்றில் இருக்கும் ஈரமே வருஷக்கணக்கில் அதைத் தின்றுவிடும். போடாமல் வைத்தால் பத்திரமாக இருக்கும் என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ. பெட்டிக்குள் வைத்து மூடுவதைவிட எப்போதாவது போட்டு நடப்பது மேல். அவர் என்னை நம்பவில்லை. கம்பெனி ஏமாற்றிவிட்டது என்றே சொல்லிக்கொண்டு போனார்.

மருந்துச் சொட்டு போட்டால் அரைமணி நேரம் ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

இன்றைக்கு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

மார்ச் 11, புதன்

தங்கை மகள் கணக்குப் போட்டாள். 60 கிலோ எடையுள்ள பெண், ஒரு சதுர சென்டிமீட்டர் டிப், ஒரு கணம் முழு எடையும் அதன்மேல் இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால் சதுர சென்டிமீட்டருக்கு 60 கிலோ. கார் டயரில் இருப்பது 2 கிலோ சொச்சம். "மாமா, இது தரையில குத்தாம என்ன செய்யும்?"

அதனால்தான் 1950களில் ஊசி ஹீல் பரவியபோது தரைக்குச் சொந்தக்காரர்கள் எல்லாம் பதறினார்கள். விமானத்தில்கூட வேண்டாம் என்றார்கள். கிரீஸில் 2009இல் பழைய நினைவுச் சின்னங்களுக்குள் ஊசி ஹீலோடு வரக்கூடாது என்று தடையே போட்டார்கள். அத்தனை பழைய பளிங்கையே பெயர்க்கிற அழுத்தம் என்றால், அதை வாங்கிக்கொள்ளும் அந்தப் பொத்தான் அளவு பிளாஸ்டிக் எத்தனை நாள் தாங்கும்? சீக்கிரம் தேய்ந்துவிட்டது என்று என்னிடம் சண்டைக்கு வருகிறார்கள். தேய்வதற்காகத்தான் அதை அங்கே வைத்திருக்கிறது.

கெட்டியான டிப் போட்டால் அதிக நாள் வரும், ஆனால் சத்தம் போடும், சறுக்கும். ரப்பர் என்றால் அமைதி, பிடிமானம், சீக்கிரம் தேய்வு. இரண்டும் வேண்டும் என்பவர்களுக்குப் பதில் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

18ஆம் தேதி காலை வெறும் வயிற்றில் வரவேண்டுமா, சாப்பிட்டுவிட்டா? கேட்க மறந்தேன்.

மார்ச் 12, வியாழன்

சாப்பிட்டுவிட்டு வரலாமாம். அந்தப் போனுக்கு நான் ஏன் அவ்வளவு பயந்தேன்.

மார்ச் 13, வெள்ளி

சிவப்புக்கு ஹீல் வந்துவிட்டது. பழையதைவிட 4 மில்லிமீட்டர் உயரம். பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஷூவுக்குத் தெரியும். குதிக்கும் முன்பாதத்துக்கும் நடுவில் உள்ளட்டைக்கு அடியில் ஓர் எஃகுப் பட்டை ஓடுகிறது. அந்தப் பட்டையின் வளைவு குறிப்பிட்ட ஓர் உயரத்துக்கென்றே வளைத்தது. உயரம் கூடினால் பாதம் முன்னால் சரிந்து விரல்கள் நெரியும். குறைத்தால் மூக்கு அந்தரத்தில் தூக்கிக்கொள்ளும், எடை ஹீலின் பின்விளிம்பில் போய் உட்காரும். ஹீலைக் கொஞ்சம் வெட்டித் தரச்சொல்லி வருகிறவர்களிடம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கத்தியே வைக்க மாட்டேன் என்று சொல்வதும் இதனால்தான்.

4 மில்லிமீட்டரையும் அடியிலிருந்து அரைத்து எடுத்தேன். இரண்டிலும். கண்ணை நம்பாமல் இரண்டையும் கண்ணாடிப் பலகையில் நிறுத்தி விரலால் தட்டிப் பார்த்தேன். ஒன்று ஆடியது. மறுபடி அரம்.

மார்ச் 14, சனி

சிவப்பைக் கட்டினேன். குதிப்பக்கம் உள்ளே ஒட்டியிருக்கும் மெல்லிய தோலைச் சூடு காட்டி உரித்தால் அடியில் நடு ஸ்க்ரூவும் சுற்றி ஆணிகளும் தெரியும். ஹீல் ஆடுகிறது என்று வருகிற பாதிப்பேருக்கு அந்த ஸ்க்ரூவை இறுக்கினாலே போதும். பலர் வெளியிலிருந்து பசையை ஊற்றிக்கொண்டு வருவார்கள், அதைச் சுரண்டுவது தனி வேலை.

புது ஹீலுக்குச் சிவப்புத் தோல் சுற்றவேண்டும். ஓரத்தை மெலிதாகச் சீவி, லேசாக நனைத்தால் இழுத்த இழுப்புக்கு வரும். காய்ந்த பிறகு சொல்யூஷனை, அதாவது ஒட்டும் பசையை, தோலிலும் ஹீலிலும் தடவி, விரலில் ஒட்டாமல் பிசுபிசுக்கும் வரை விட்டு, பின்பக்கத்திலிருந்து ஆரம்பித்துச் சுருக்கமில்லாமல் முன்னால் கொண்டுவந்து சேர்க்கவேண்டும். இரண்டு ஓரமும் சேரும் விளிம்பு பாதத்தின் வளைவுக்குக் கீழே, யாரும் பார்க்காத பக்கம். தோலை ஒட்டியது நான். விளிம்பை வெட்டியது அவள். அந்த வெட்டை நான் செய்திருந்தால் இவ்வளவு நேராக வந்திருக்காது என்று அவளிடமே சொன்னேன். "சும்மா சொல்லாதீங்க மாமா."

நிறம் ஒத்துப்போகிறதா? பழைய தோல் வெயிலில் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. எனக்கு எல்லாச் சிவப்பும் ஒரே மாதிரி பழுப்பாகத் தெரிகிறது. அவள் ஒத்துப்போகிறது என்கிறாள்.

மார்ச் 15, ஞாயிறு

அந்தம்மா வரவில்லை.

மார்ச் 16, திங்கள்

இன்றும் வரவில்லை. போன் எடுக்கவில்லை. 15ஆம் தேதி என்ன போட்டுக்கொண்டு போனாரோ.

சாக்கடை மூடியின் கம்பிக்குள் மாட்டிக் கிழிந்த ஒரு ஹீல் வந்தது. தோல் மேல்நோக்கிச் சுருண்டிருந்தது. நல்லவேளை, தொங்கிய துண்டைப் பிய்த்து எறியாமல் விட்டிருந்தார்கள். அது இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. அடியில் பசை, மேலே எலும்புக் குச்சியால் அழுத்தம், இடுக்கில் பூச்சு, காய்ந்ததும் நைசான உப்புத்தாள், சாயம்.

மார்ச் 17, செவ்வாய்

நாளைக்கு. சின்ன வேலைதான், அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். டிப் மாற்றுவதைப் பற்றி நானும் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வேன்.

தங்கை மகளுக்கு எழுதி வைத்தது: ஊசி ஹீலுக்கு டிப் மட்டும் வாங்கிக்கொள். ஆடுகிற ஹீல், முறிந்த ஹீல் எதையும் தொடாதே, சீட்டுப் போட்டு வைத்துவிடு. சிவப்பு ஜோடி மேல்தட்டில் துணி சுற்றி இருக்கிறது, அந்தம்மா வந்தால் போட்டு நாலு அடி நடக்கச் சொல்லிவிட்டுக் கொடு. பெரிய அளவு டிப் தீர்ந்துவிட்டது, சொல்லி அனுப்பவேண்டும். சொல்யூஷன் டப்பா மூடியை இறுக்கி மூடு.