எண்ணில்லாத உத்தரவுகள்

வருவாய்த் துறையில் பிரிவு எழுத்தராக இருப்பவர்களுக்குத் தன்பதிவேட்டைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. வருகிற தபால் ஒவ்வொன்றும் ந.க. எண் என்ற வரிசை எண்ணும் தேதியும் பெற்று, அதைக் கவனிக்க வேண்டியவரின் பதிவேட்டில் ஏறிவிடும். வேலை மெதுவாகத்தான் நடந்தது. ஆனால் தன் பொறுப்பில் எத்தனை தாள் நிலுவையில் இருக்கிறது என்பது எழுத்தருக்குத் தெரிந்திருந்தது.

இன்று அதே மேசைக்கு கோப்புகளைக் கணினியில் கையாளும் மின் அலுவலகம், திங்கட்கிழமைக் குறைதீர் நாள் மனுக்கள், முதல்வர் உதவி மையத்தின் 1100 அழைப்புகள், 2021இல் தொடங்கப்பட்ட முதல்வரின் முகவரி என்ற குறைதீர் துறை, நிலப் பதிவுகளுக்கான தமிழ்நிலம் தளத்தின் பட்டா மாறுதல் விண்ணப்பங்கள் என்று பல வழிகளில் வேலை வருகிறது. ஒரே மனுதாரர் ஒரே குறையை மூன்று இடங்களில் பதிந்து, நாம் மூன்று பதில் எழுதுவதும் உண்டு. இருந்தாலும் இவை அனைத்துக்கும் எண் இருப்பதால் நான் இவற்றைக் குறை கூற மாட்டேன். மூச்சுமுட்ட வைப்பவை வாட்ஸ்அப் குழுக்கள். மாவட்டத்துக்கு ஒன்று, கோட்டத்துக்கு ஒன்று, வட்டத்துக்கு ஒன்று, பேரிடருக்கு ஒன்று. போதாததற்கு, முடிந்துபோன தேர்தலுக்காகத் தொடங்கி இன்னும் கலைக்கப்படாத ஒன்று.

பட்டா மாறுதலில் எத்தனை நிலுவை என்பதை மேல் அலுவலர்கள் தளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். ஆயினும் அந்த விவரத்தைக் கேட்டு, "மிக மிக அவசரம், பகல் 12 மணிக்குள்" என்ற குறிப்போடு ஓர் எக்செல் படிவம் குழுவில் வந்து விழுகிறது. நிலத்தைப் பிரித்து அளக்க வேண்டிய உட்பிரிவு உள்ளவை, உட்பிரிவு அற்றவை எனப் பிரித்து அதை நிரப்பி முடிப்பதற்குள், நாள்வாரியாகப் பிரிக்கச் சொல்லித் திருத்திய படிவம் வருகிறது. தமிழ் ஒருங்குறியை அரசு 2010இலேயே ஏற்றுக்கொண்டிருந்தும், சில படிவங்கள் இன்னமும் பழைய வானவில் எழுத்துருவில் வருவதால், கைபேசியில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகக் கிடக்கின்றன. நீலக் குறி விழுந்துவிட்டபடியால் பார்க்கவில்லை என்றும் சொல்ல முடியாது.

இதற்கிடையில் ஒருவருடைய கிரையப் பத்திரத்தைக் கிராம நில விவரங்கள் அடங்கிய 'அ' பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பரப்பு சரியா என்று பார்க்க வேண்டும். இடையூறில்லாமல் உட்கார்ந்தால் அரை மணியில் முடியும் வேலை அது. நடுவில் நான்கு முறை எழுந்து விவரம் அனுப்பிவிட்டு வந்தால், 112/3 என்ற புல எண் 113/2 என்று பதிவாகிவிடலாம். அதைத் திருத்த அந்த மனிதர் மாதக்கணக்கில் அலைய நேரிடும். நிலுவை எண்ணிக்கையைக் குறைக்கும் அவசரத்தில் "பரிசீலனையில் உள்ளது" என்று மனுவை முடித்துவைப்பதும் இதே நெருக்கடியின் விளைவுதான். அந்த மனுதாரர் அடுத்த திங்களன்று மீண்டும் வரிசையில் நிற்பார்.

ஆவணங்களை அட்டவணைப்படுத்திப் பராமரிக்க வேண்டும் என்கிறது 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். குழுவில் இட்ட உத்தரவு எந்தக் கோப்பில் இருக்கும்? அலுவலர் மாறுதலாகிப் போகும்போது அவருடைய கைபேசியும் உடன் போய்விடுகிறது. பின்னாளில் தணிக்கையில் கேள்வி எழுந்தால் பதில் சொல்ல எழுத்தர் மட்டுமே மிஞ்சுகிறார்.

குழுச் செய்தியைத் தகவலாக மட்டும் கொள்ள வேண்டும், நிறைவேற்ற வேண்டியது எதுவாயினும் மின் அலுவலகம் வழியாக வர வேண்டும், தளத்தில் உள்ள விவரத்தைப் படிவமாகக் கேட்கக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை இட்டால் போதும். புதிய மென்பொருள் எதுவும் தேவையில்லை. அந்தச் சுற்றறிக்கையையாவது ந.க. எண்ணிட்டு அனுப்ப வேண்டும்.