இருபது அடி கன்டெய்னரும் அரை நூலும்

பொங்கல் முடிந்த வாரம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போயிருந்தேன். பழைய சாமான் கடை ஒன்றில், இடித்த வீட்டு நிலைகளிலிருந்து அறுத்துப்போட்ட தேக்குத் துண்டுகள் ஒரு கூடை நிறையக் கிடந்தன. என்ன செய்வதென்று யோசிக்காமலே வாங்கிவிட்டேன். திரும்பும் வழியில், திருச்சி–ராமேசுவரம் புறவழிச்சாலை டீக்கடை ஓரத்தில் ஒரு கன்டெய்னர் லாரி நின்றது. அன்றைக்கே முடிவாகிவிட்டது. தேக்குச் சட்டத்தில், அலுமினியத் தகட்டில், அசல் அளவு விகிதம் மாறாமல் சின்னக் கன்டெய்னர் மாதிரிகள் செய்யப்போகிறேன்.

ஐந்து மாதத்தில் நான்கு இருபது அடிப் பெட்டியும் இரண்டு நாற்பது அடிப் பெட்டியும் முடிந்திருக்கின்றன. எங்கே தப்பினேன், எப்படிச் சரியானது என்று எழுதிவைத்தால் அடுத்துச் செய்கிறவருக்கு உதவும்.

முதல் தப்பு அந்த டீக்கடையிலேயே நடந்தது. கதவில் 45ஜி1 என்று எழுதியிருந்தது. நாற்பத்தைந்து அடிப் பெட்டி என்று நோட்டில் குறித்துக்கொண்டேன். டிரைவரிடம் அளந்து பார்க்கலாமா என்று கேட்டேன். "தாராளமா அளங்க சார், டீ குடிச்சு முடிக்கிற வரைக்கும் வண்டி இங்கதான்" என்றார். டேப்பின் ஒரு முனையை அவரே பிடித்தும் கொடுத்தார். சரியாக நாற்பது அடி. அப்புறம்தான் அந்தக் குறியீட்டைப் படிக்கக் கற்றேன். முதல் எழுத்து நீளம், இரண்டாவது உயரம். முதலில் 4 என்றால் நாற்பது அடி, 2 என்றால் இருபது அடி. இரண்டாவது இடத்தில் 2 என்றால் எட்டரை அடி உயரம், 5 என்றால் ஒன்பதரை அடி, அதாவது ஹை கியூப். அப்படியானால் 45ஜி1 என்பது நாற்பது அடி ஹை கியூப். உண்மையான நாற்பத்தைந்து அடிப் பெட்டியில் எல்5ஜி1 என்று இருக்கும். சாதாரண இருபது அடிப் பெட்டிக்கு 22ஜி1.

அளவை 1:24 என்று வைத்துக்கொண்டேன். அசலில் ஓர் அடி, மாதிரியில் அரை அங்குலம். கோட்டையூரில் எங்கள் வீட்டு மரவேலையை நாற்பது வருடமாகப் பார்க்கும் ஆசாரி அங்குலத்திலும் நூலிலும்தான் பேசுவார். எட்டு நூல் ஓர் அங்குலம். எனக்கும் அது கைக்கு வந்த கணக்கு. எட்டடி அகலம் நாலு அங்குலமாகிறது. எட்டரை அடி உயரம் நாலேகால், ஹை கியூப் நாலேமுக்கால். நாற்பது அடி நீளம் இருபது அங்குலம். கன்டெய்னர் பிறந்ததே அடிக் கணக்கில் என்பதால் எல்லாம் முழுசாக வந்து விழுகிறது. அமெரிக்காவில் லாரித் தொழில் நடத்திய மால்கம் மெக்லீன் 1956 ஏப்ரலில் ஐடியல் எக்ஸ் என்ற கப்பலில் நெவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு 58 பெட்டிகளை அனுப்பினார். ஆளுக்கொரு அளவில் செய்துகொண்டிருந்ததை 1968இல்தான் சர்வதேசத் தர அமைப்பு ஒழுங்குக்குக் கொண்டுவந்தது.

எங்கள் செட்டிநாட்டு வீடுகளின் பர்மாத் தேக்கும் இத்தாலிச் சலவைக்கல்லும் பெல்ஜியம் கண்ணாடியும் இதற்கெல்லாம் முன்னால் வந்தவை. அத்தனையையும் தனித்தனியாக ஏற்றி, தனித்தனியாக இறக்கியிருக்கிறார்கள். வளவுத் (உள்முற்றத்துத்) தூணைத் தொடும்போதெல்லாம் அந்தக் கைகளை நினைத்துக்கொள்வேன்.

அதிக நாள் தின்றது பக்கவாட்டுத் தகடுதான். கன்டெய்னர் சுவரின் மடிப்பு சும்மா அலை மாதிரி வளைவது கிடையாது. வெளி முகம் 72 மி.மீ., சரிவு 68, உள் முகம் 70, மறுபடி சரிவு 68. ஒரு மடிப்பு முடிய 278 மி.மீ. ஆகும், ஆழம் 36 மி.மீ. இருபத்து நாலில் ஒரு பங்காக்கினால் மடிப்புக்கு 11.6 மி.மீ., ஆழம் 1.5 மி.மீ. அச்சகத்தில் கழித்துப்போட்ட ஆப்செட் பிளேட்டுகளை வாங்கிக்கொண்டேன். மெல்லிய அலுமினியம், கத்தரியில் வெட்டலாம். தேக்கில் மேல் அச்சும் கீழ் அச்சுமாக இழைத்து, நடுவே தகட்டை வைத்து வைஸில் இறுக்கினேன்.

தகடு கிழிந்தது. மொத்த மடிப்பையும் ஒரே நேரத்தில் அழுத்தியதால் நடுவிலிருந்த உலோகத்துக்கு நகர்ந்துவர இடமில்லை. அடுத்த தகட்டை ஒவ்வொரு மடிப்பாக, நடுவிலிருந்து இரண்டு பக்கமும் மாறி மாறி அழுத்தினேன். கிழியவில்லை, ஆனால் சட்டத்தில் வைத்தால் ஒன்றரை சென்டிமீட்டர் குட்டை. சேலைக்குக் கொசுவம் வைத்தால் துணி உள்ளே போகிற மாதிரி தகடும் சரிவுகளுக்குள் போய்விடுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 68 கிடையும் 36 ஆழமும் உள்ள சரிவின் உண்மை நீளம் 77 மி.மீ. ஆக, 278க்கு 296 மி.மீ. தகடு வேண்டும். நூற்றுக்கு ஆறரை கூடுதலாக வெட்டவேண்டும். முதலில் மடித்துவிட்டு, அப்புறம் ஓரத்தை அளந்து வெட்டுவதுதான் சரியான முறை. இதற்குள் ஆறு பிளேட் வீணாகியிருந்தது.

மூலைக் கட்டைகள் எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. கன்டெய்னரின் எட்டு மூலையிலும் ஓட்டை போட்ட வார்ப்பு எஃகுக் கட்டை இருக்கும். நீளம் 178, அகலம் 162, உயரம் 118 மி.மீ. கிரேன் பிடிப்பதும், லாரியில் பூட்டுவதும், கப்பலில் ஒன்றோடொன்று கோப்பதும் எல்லாம் அந்த ஓட்டைகள் வழியாகத்தான். மாதிரியில் இது ஏழு மி.மீ. சொச்சமுள்ள மரத்துண்டு. மேல் ஓட்டை நீள்வட்டமாக, 5 மி.மீக்கு இரண்டரை. இரண்டரை மி.மீ. பிட்டில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துளை போட்டு, நடுவிலிருப்பதை அரத்தால் ராவினேன். அந்தச் சின்ன அரத்தை எங்கள் தெருப் பத்தரிடம் இரவல் வாங்கினேன். ரேகை குறுக்காக ஓடும்படி துண்டு வெட்டினால் துளையிடும்போது பிளந்துவிடும். நீளவாக்கில் ரேகை ஓடினால் நிற்கிறது. ஒரு பெட்டிக்கு எட்டு வீதம் நாற்பத்தெட்டு கட்டைகள், ஒவ்வொன்றிலும் மூன்று ஓட்டை.

பங்குனியில் இரண்டு இருபது அடிப் பெட்டியும் ஒரு நாற்பது அடிப் பெட்டியும் தயார். அடுக்கிப் பார்க்கும் ஆசையில், நாற்பதைக் கீழே வைத்து இருபதுகளை மேலே வைத்தேன். உள்ளே கொஞ்சம் கனம் இருக்கட்டும் என்று இருபதுகளில் ஆற்று மணல் போட்டிருந்தேன். நாற்பது அடிப் பெட்டியின் மேல் சட்டம் நடுவில் தொய்ந்து, கூரைத் தகடு மடங்கிவிட்டது. வந்து பார்த்த ஆசாரி ஒரு வார்த்தையில் சொன்னார்: "தூணுக்கு மேல தூண் வரணும் தம்பி. நடுவுல தூண் எங்க இருக்கு?"

அதுதான் விஷயம். கன்டெய்னரில் சுமை தாங்குவது நாலு மூலைத் தூண்கள். மேல் மூலைக் கட்டைகள் கூரையைவிட 6 மி.மீ. எழும்பி நிற்கும். கீழ்க் கட்டைகளும் அடிச்சட்டத்தைவிட பன்னிரண்டரை மி.மீ. இறங்கியிருக்கும். எத்தனை அடுக்கினாலும் கட்டையும் கட்டையும்தான் தொடும், கூரை தொடாது. நாற்பதுக்கு நடுவில் தூண் கிடையாது, அதனால் இருபதுகள் மேலே ஏறக்கூடாது. இரண்டு இருபதுக்கு மேல் ஒரு நாற்பது ஏறலாம்.

கூரையை மாற்றிவிட்டு அப்படியே திருப்பி அடுக்கினேன். அப்போதும் உட்காரவில்லை. இருபது அடிப் பெட்டிகளை நான் பத்து பத்து அங்குலமாக அறுத்திருந்தேன். இரண்டும் சேர்ந்தால் இருபது, மேலே வருவதும் இருபது. கணக்கில் சரி. ஆனால் பெயின்டும் ரம்பம் போன போக்கும் சேர்ந்து கீழ் ஜோடி முக்கால் நூல் நீண்டுவிட்டது. மேல் பெட்டியையும் கீழ்ப் பெட்டியையும் கோக்க வைத்திருந்த பித்தளைக் கம்பி ஊசியை ஒரு பக்கம் ஓட்டையில் நுழைத்தால் மறுபக்கம் ஓட்டை பொருந்தவில்லை.

அசல் அளவை அப்போதுதான் உற்றுப் பார்த்தேன். நாற்பது அடிப் பெட்டி 12,192 மி.மீ., முழு நாற்பது அடி. இருபது அடிப் பெட்டியோ 6,058 மி.மீ.தான், அதாவது பத்தொன்பது அடி பத்தரை அங்குலம். ஒன்றரை அங்குலம் குறைத்தே வைத்திருக்கிறார்கள். இரண்டை நீளவாக்கில் வைத்தால் நடுவில் மூன்று அங்குலம், 76 மி.மீ., காலியாக இருக்கும். அந்த இடைவெளியோடு சேர்த்துத்தான் நாற்பது வருகிறது. உற்பத்தியில் அனுமதிக்கும் பிசகும் ஒரே பக்கம்தான். இருபது அடிப் பெட்டி 6 மி.மீ. வரை குறையலாம், நாற்பது 10 மி.மீ. வரை குறையலாம். ஒரு மி.மீ. கூட அதிகமாகக் கூடாது.

மூன்று அங்குலம் என் அளவில் எவ்வளவு என்று போட்டுப் பார்த்தேன். சரியாக ஒரு நூல்! பெட்டிக்கு அரை நூல் குறைக்கவேண்டும். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டு பெட்டியையும் பிரித்து, பெயின்ட் கனத்துக்கும் இடம்விட்டுத் திரும்ப அறுத்தேன்.

எடைக் கணக்கும் எனக்குப் புதிதுதான். டிரைவர் காட்டிய கதவு எழுத்தில் மொத்த எடை 30,480 கிலோ என்றிருந்தது. இருபது அடிப் பெட்டிகள் பலவற்றிலும் இதே எண்தான் இருக்கிறது. இருபதின் வெறும் எடை சுமார் 2,200 கிலோ, நாற்பதுக்கு 3,700 பக்கம். அப்படியானால் மொத்த எடை ஒன்றாக இருக்கும்போது பெரிய பெட்டியில் ஏற்றக்கூடிய சரக்கு சின்னதைவிடக் குறைவு. இடம் மட்டும் இரண்டு மடங்கு, 33 கன மீட்டருக்கு 67. இருபதில் ஆத்தங்குடிக் கல் மாதிரி கனமான சரக்கை ஏற்றினால் இடுப்பு உயரம் வருவதற்குள் எடை முடிந்துவிடும், மேலே பாதிக்கு மேல் காற்றுதான். கல், இரும்புக்கு இருபது, பஞ்சு, துணிக்கு நாற்பது என்று பிரிப்பதற்கு இதுதான் காரணம்.

கடைசியாக, பெட்டியில் எழுதும் அடையாள எண். நாலு எழுத்து, ஆறு எண், தனிக் கட்டத்தில் ஒரு சோதனை எண். நாலாவது எழுத்து சரக்குப் பெட்டிக்கு எப்போதும் யூ. முதல் பெட்டிக்கு, விளக்கத்துக்காக வழக்கமாகக் காட்டும் சி.எஸ்.கியூ.யூ. 305438 என்ற எண்ணையே எடுத்துக்கொண்டேன், சோதனை எண் 3. எழுத்துகளை ஒட்டியது தம்பி மகள். ஒட்டி முடித்ததும், "பெரியப்பா, அந்த மூணு எப்படி வந்தது?" என்று கேட்டாள். இருவரும் உட்கார்ந்து போட்டோம். ஏ என்றால் 10, அப்புறம் வரிசையாக, 11, 22, 33 மூன்றையும் தாண்டி. சி 13, எஸ் 30, கியூ 28, யூ 32. முதல் இடத்தை 1ஆல், அடுத்ததை 2ஆல், பிறகு 4, 8 என்று இரட்டித்துப் பெருக்கிக் கூட்டி, 11ஆல் வகுத்தால் மிச்சம்தான் சோதனை எண். 6,185 வரவேண்டும், மிச்சம் 3. அவளுக்கு 6,313 வந்தது, மிச்சம் 10. பத்து வந்தால் 0 என்று எழுதவேண்டும், 3 வராது. மறுபடி கூட்டினாள், அதேதான். பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் 305348 என்று ஒட்டியிருக்கிறாள், 4உம் 3உம் இடம் மாறியிருந்தன. துறைமுகத்தில் எழுதுகிறவரின் கை தவறினாலும் இதே மாதிரிதான் மாட்டும். அவளே சுரண்டி எடுத்துச் சரியாக ஒட்டினாள்.

போன ஞாயிற்றுக்கிழமை முகப்புத் திண்ணையில் திரும்ப அடுக்கினேன். கீழே இரண்டு இருபது, நடுவில் ஒரு நூல் கனப் பித்தளைப் பட்டையைச் செருகி இடைவெளி பார்த்துக்கொண்டேன். மேலே நாற்பதை இறக்கினேன். நாலு மூலையிலும் பித்தளைக் கம்பி ஊசிகள் தடையில்லாமல் இறங்கின. ஒவ்வொன்றையும் கால் சுற்றுத் திருப்பினேன், பிடித்துக்கொண்டது. நாற்பதைப் பிடித்துத் தூக்கினால் மூன்றும் சேர்ந்து வருகின்றன.

ஹை கியூப் ஒன்றுக்குத் தகடு மடித்து வைத்திருக்கிறேன். ஓரம் இன்னும் வெட்டவில்லை.