ஒத்திகைக்கு ஒரு மண்டகப்படி

பகலில் மதுரை சிம்மக்கல்லில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை, சாயங்காலம் செல்லூரில் ஒரு சின்ன நாடகக் குழுவுக்குக் கணக்குப்பிள்ளை. இரண்டாவதற்குச் சம்பளம் என்று பெரிதாக எதுவும் கிடையாது, தலைவலி மட்டும் முழுக்க அதில்தான். நாடகக்காரர்கள் என்றால் எல்லோரும் நடிப்பைப் பற்றிக் கேட்பார்கள். நான் நாடகத்தைப் பார்த்ததெல்லாம் ரசீதுப் புத்தகத்தின் பக்கமிருந்துதான்.

நன்கொடை கேட்கப் போனால், கண்ணுக்குத் தெரிகிற செலவுக்கு ஜனங்கள் சந்தோஷமாகக் கொடுப்பார்கள். மைக் செட் என் பொறுப்பு, பேனர் நான் அடித்துத் தருகிறேன், மூலையில் கடை பெயரை மட்டும் போட்டுவிடுங்கள் என்று சொல்ல எப்போதும் ஆள் உண்டு. ஒத்திகைக் கூடத்து வாடகை என்று வாயெடுத்தால் முகம் மாறிவிடும். ஆனால் ஒரு மணி நேர நாடகத்துக்கு மாதக்கணக்கில் ஒத்திகை நடக்கிறது. அத்தனை நாளும் வாடகை, கரண்ட் பில், டீ, வடை, மேலூரிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் வருகிற பையன்களுக்கு பஸ் காசு, கடைசி பஸ்ஸை விட்டவனுக்கு ராத்திரி பரோட்டா என்று போய்க்கொண்டே இருக்கும். மேடையேறும் நாளில் ஆகிற செலவு இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

நாடகத்துக்குக் காசு கொடுப்பது இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா என்ற நாடகக் குழுவைத் தொடங்கியதே மதுரையில்தான். அவருடைய வள்ளி திருமணம் இன்றைக்கும் சுற்றுப்பட்டு ஊர்த் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கிறது, குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போட்டு ஊரே காசு கொடுக்கிறது. அந்த வரியைக் கொடுத்தவர் நாடகத்துக்குக் கொடுத்தேன் என்று சொல்லமாட்டார், சாமிக்குக் கொடுத்தேன் என்பார். 1978-ல் இங்கே நிஜ நாடக இயக்கம் என்ற நவீன நாடகக் குழு வந்ததிலிருந்து கணக்குப் போட்டாலும் நவீன நாடகத்துக்கும் வயது ஐம்பதை நெருங்குகிறது, ஆனால் எங்களுக்குச் சாமியும் இல்லை, வரியும் இல்லை. தெருவில் ஆடினால் முடிவில் துண்டேந்துவோம். இப்போது துண்டோடு ஒரு கியூஆர் அட்டையும் போகிறது, டவர் கிடைக்காத ஊரில் மறுபடியும் துண்டுதான்.

குழுவில் ஒரு அக்காதான் அந்த யோசனையைச் சொன்னார். சித்திரைத் திருவிழாவில் அழகர் வழிநெடுக, ஆளுக்கொரு இடமாகத் தங்கள் செலவில் அவரை வரவேற்கிற மண்டகப்படிகளில் நின்று நின்று வருகிறாரே, அதுபோல ஒத்திகையின் ஒவ்வொரு நாளையும் ஒரு குடும்பம் எடுத்துக்கொள்ளட்டும் என்று. அன்றைய வாடகை, டீ, பஸ் காசு எல்லாம் அவர்கள் கணக்கு. விருப்பமிருந்தால் வந்து உட்கார்ந்து பார்க்கலாம். இது பிடித்துக்கொண்டது. வாடகைக்குக் கேட்டபோது பிடிகொடுக்காத ஒரு கடைக்காரர், ‘எங்க நாள்’ என்று சொல்லிக் குடும்பத்தோடு ஒரு தூக்குவாளி நிறைய சுண்டலோடு வந்தார். கொடுத்த தொகை என்னவோ அதேதான்.

அப்புறம் ரசீது விவகாரம். எங்களுக்கு நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை தருகிற 80ஜி பதிவு இருந்ததால், கொடுத்த தொகையில் பாதியை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று சொல்லித்தான் கேட்போம். ரொக்கமாக வந்தால் 2,000 ரூபாய் வரைக்கும்தான் அந்தச் சலுகை, அதற்கு மேல் போனால் காசோலையோ வங்கி வழியோ வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மொய் கவரில் 2,001 ரூபாய் வைத்துக் கொடுத்தார். மதுரைக்காரர் வேறு எப்படிக் கொடுப்பார்? ‘ஐயா, இந்த ஒத்த ரூபாயாலதான் சலுகை முழுசாப் போகுது, அதை மட்டும் எடுத்துக்கங்க’ என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ‘மொய்யில ஒத்த ரூவாயைத் திருப்பித் தருவாங்களா தம்பி? சலுகை போனாப் போகுது.’ சரி என்று 2,001-க்கே ரசீது எழுதினேன். 2023-24-லிருந்து புதிய வரிமுறை தானாகவே பொருந்தும்படி ஆன பிறகு, அதில் இருக்கிற சம்பளக்காரர்களுக்கு இந்தக் கழிவே கிடையாது. அதனால் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள் என்று பயந்தேன், அப்படி ஒன்றும் நடக்கவில்லை. வரிக்காகக் கொடுக்கிறவர்கள் எங்களிடம் ஏன் வரப்போகிறார்கள்!

பொருளாகவும் உழைப்பாகவும் வருவதற்கு இந்தச் சலுகை எதுவும் கிடையாது, எங்களுக்கு அதுதான் அதிகம் வருகிறது. முன்பு புதுமண்டபத்தில் இருந்து இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய ஒரு தையல்காரர், அழகர் திருவிழாவுக்கு வேஷம் போடுகிறவர்களின் உடைகளைத் தைக்கிறவர். சித்திரை நெருக்கடியிலும் எங்கள் ராஜா உடுப்பை வாங்கி ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார். ‘யாரு தச்சது இது, கையைத் தூக்குனா அக்குள் கிழியுமே’ என்று தானே பிரித்து, அக்குளில் ஒரு பட்டி வைத்துத் தைத்துக் கொடுத்தார். கூலி எவ்வளவு பாய் என்றால் நூலுக்கு மட்டும் காசு வாங்கினார். இதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று கணக்கில் இன்னும் தெரியவில்லை.

கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்கென்று ஒதுக்குகிற சிஎஸ்ஆர் பணத்துக்கும் அலைந்திருக்கிறோம். கம்பெனிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் கலை, பண்பாடு எல்லாம் இருக்கிறது. 2021 ஏப்ரலிலிருந்து சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிந்திருக்க வேண்டும் என்றார்கள், பதிந்தோம். ஒரு இடத்தில் பயனாளிகள் எத்தனை பேர், நாடகத்துக்கு முன் அவர்கள் நிலை என்ன, பின் என்ன என்று கேட்டார்கள். இயக்குநர் அண்ணன் எழுந்து வந்துவிட்டார். நானாக இருந்தால் ஏதாவது எழுதிக் கொடுத்துப் பணத்தை வாங்கியிருப்பேன், அது வேறு விஷயம்.

இப்போதைய சண்டை பெயர் வாசிப்பது பற்றி. வள்ளி திருமணம் மாதிரி திருவிழாக்களில் நடக்கிற ஸ்பெஷல் நாடகத்தில் பாதி ஆட்டத்தில் நிறுத்தி, இன்னார் அன்பளிப்பு இவ்வளவு என்று மைக்கில் சொல்வார்கள், கொடுத்தவருக்கு அதில் ஒரு பெருமை. அண்ணன் ஒரேயடியாக முடியாது என்கிறார், ‘வாசித்தால்தான் என்ன’ என்பது என் கட்சி. கடைசியில் வாசலில் ஒரு கரும்பலகை வைத்து, தொகை போடாமல் பெயர்களை மட்டும் எழுதுவது என்று முடிவானது. முதல் நாளே ஒருவர் வந்து, என் பெயருக்குப் பக்கத்தில் தொகை எங்கே என்று கேட்டார். இந்த வாரக் கூட்டத்தில் அதைத்தான் பேச வேண்டும்.